தக்காளிக்கு ஒரு சாசனம் வேண்டும்

நியூயோர்க் துறைமுகத்திலே ஒருகால் தக்காளிக்காக வழக்கொன்று எழுந்தது. 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறக்குமதியாகும் காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து வரி. ‘தக்காளி பழமே, அதற்கு அவ்வரி இல்லை’ என்று வாதாடினார் நிக்ஸ் என்னும் வணிகர். 1893இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தாவர நூலார்க்குத் தக்காளி பழமாகலாம், ஆயின் மக்கள் அதனைக் கறியாகவே உண்கின்றனர், ஆதலின் அது காய்கறியே.

வணிகர் தோற்றார். எனினும், முறையிட அவருக்கு ஒரு மன்று இருந்தது. துறைமுகத்தால் உலகப் புகழ் பெற்ற நம் திருகோணமலையிலே, தக்காளி விளைவிக்கும் கமக்காரனுக்கு எந்த மன்று உண்டு?

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் நட்ட பயிர் எல்லார் தோட்டத்திலும் ஒருங்கே பழுக்கின்றது. நெல்லைக் கட்டிவைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பழுத்த தக்காளி காத்திராது. இதை வாங்குவோன் அறிவான். அவன் சொன்னதே விலை. வழியில் நசுங்கியதற்கும் கழிவு கமக்காரன் தலையிலேயே விழுகின்றது.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பற்றி 1987இல் கடிதங்கள் பரிமாறப்பட்டன. 2003இலும் 2022இலும் உடன்படிக்கைகள் எழுந்தன. பல்லாண்டு காத்திருக்கவல்ல எண்ணெய்க்கு இத்தனை எழுத்து! சில நாளில் அழுகும் தக்காளிக்கு வாய்ச்சொல் மட்டுமா?

சட்டம் வந்தால் எல்லாம் சீராகுமெனவும் நாம் மயங்கவில்லை. 2011இல் காய்கறியைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென அரசு விதித்தபோது தம்புள்ளையில் எதிர்ப்பு மூண்டது. கூடை நன்றே, அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பதன்றோ கேள்வி!

ஆகவே, கூட்டுறவுச் சங்கங்கள் கூடைகளைப் பொதுவில் வாங்கட்டும். நிழலும் காற்றோட்டமும் உள்ள சேர்ப்பு நிலையம் ஒன்று அமையட்டும். நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்த காய், சூடேறாமல் இருந்தால், மேலும் பல நாள் தாங்கும். மிஞ்சியதைக் கூழாக்கலாம். ஒரு கிலோ கெட்டிக்கூழுக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். எனவே மலிந்த காலத்திலன்றி அத்தொழில் கட்டாது. மலிவோ நம்மிடம் ஆண்டுதோறும் வருகின்றது!

அனைத்திற்கும் முன்னதாக, நாற்று நடுமுன்பே ஒப்பந்தம் எழுதப்படல் வேண்டும்: தாழ்ந்த விலை எவ்வளவு, எங்கே நிறுப்பது, நசுங்கியதன் நட்டம் யாருடையது. தனியொருவன் கேட்டால் வியாபாரி அடுத்த தோட்டத்துக்குப் போவான். ஊரே சேர்ந்து கேட்டால் எங்கே போவான்?

சட்டம் கற்ற அன்பர்களே! இம்மூன்று வாசகங்களை எழுத ஒரு மாலைப்பொழுது போதும். பேனாவோடு தோட்டத்துக்கு வாருங்கள்.