96 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு கிடையாது. 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கையுடன் சேர்ந்து வந்த அறிவிப்பு, 2025-26 கல்வியாண்டிலேயே நடைமுறைக்கும் வந்துவிட்டது. இதழின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு முதுகலை ஆசிரியர்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம்: எழுத்துத் தேர்வு போனதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அதோடு சேர்ந்து செய்முறைத் தேர்வின் புறத்தேர்வாளரும் போய்விட்டார் என்பதை ஏற்க மாட்டோம்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிள்ளைகளைப் பொதுத்தேர்வு எழுதவைத்தது கொடுமைதான். 2018 மார்ச்சில் பதினொன்றாம் வகுப்பின் முதல் பொதுத்தேர்வு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு பிளஸ் ஒன் மதிப்பெண் தேவையில்லை என்று அரசே சொல்லிவிட்டது. அன்றைக்கே அந்தத் தேர்வின் உயிர் போயிற்று. நடுவில் கொரோனா ஆண்டில் ஓர் அணி தேர்வே எழுதாமல் தேறியது. 2025 மார்ச்சோடு கணக்கு முடிந்தது.

2017-ல் இந்தத் தேர்வைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம் நினைவிருக்கும். தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே உருப்போட வைக்கின்றன என்பதுதான் அது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்ற பெயர் வந்த கதை அது. அந்த வழக்கம் திரும்பிவிடும் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. நீட், ஜேஇஇ இரண்டிலும் பாதிக்குப் பாதி பிளஸ் ஒன் பாடம். வெப்ப இயக்கவியலை விட்டுவிட்டு எந்தப் பயிற்சி மையமும் பிழைக்க முடியாது. கருத்தியல் பாடத்துக்கு நுழைவுத் தேர்வே காவல். செய்முறைக்கு இருந்த ஒரே காவல் பொதுத்தேர்வுதான், ஆண்டுக்கு ஒருநாள் வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆள் வந்து லேபுக்குள் நிற்பார் என்ற அச்சம். அந்த ஒருநாளுக்காகவாவது கலோரிமீட்டரைத் துடைத்து வைத்தார்கள்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் பத்துச் செய்முறைகளில் வெப்பத்தைத் தொடுவது ஒன்றே ஒன்று, நியூட்டனின் குளிர்வு விதி. பன்னிரண்டாம் வகுப்பில் அதுவும் இல்லை. மேல்நிலை இரண்டு ஆண்டுகளிலும் ஒரு மாணவி தெர்மாமீட்டரைக் கையில் எடுக்கும் வாய்ப்பு அந்த ஒரு பிற்பகல்தான். இரண்டாம் தொகுதியின் எட்டாம் அலகில் வெப்ப விரிவு, வெப்ப அளவீட்டியல், வெப்பம் பரவும் முறைகள் என்று பக்கம் பக்கமாக நடத்துகிறோம். அத்தனைக்கும் ஒரு பிற்பகல்.

கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் புறத்தேர்வாளராகப் போயிருந்தபோது இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். 'தெர்மாமீட்டர் – 6, பழுது' என்று ஒரு வரி இருந்தது. ஆறும் அலமாரியில் உறையோடு கிடந்தன. பாதரச இழை எதிலும் அறுந்திருக்கவில்லை. என்ன பழுது என்று கேட்டேன். கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தார்களாம், ஒன்றுகூட நூறைத் தொடவில்லையாம். எல்லாம் 96-ஐ ஒட்டியே நின்றுவிட்டனவாம். ஆறு தெர்மாமீட்டரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் பழுதாகுமா? பள்ளி இருப்பது ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில். அங்கே வளியழுத்தம் 660 மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியில் கொதிக்கும். கருவிகள் ஆறும் அருமையாக வேலை செய்திருக்கின்றன. அதற்குத் தண்டனையாக அலமாரிக்குள் போய்விட்டன.

'பழுது' என்று எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். நூறு என்பது அவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தந்த எண். 'ஒரு வளிமண்டல அழுத்தத்தில்' என்ற நிபந்தனையை ஒப்பித்திருப்பார்கள். அது தாங்கள் நிற்கும் தரையைப் பற்றிய பேச்சு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாமக்கல்லில் அச்சான அதே ரெக்கார்டு நோட்டு அடிவாரத்துக் காரவள்ளி வழியாக மலையேறி வருகிறது. அடிவாரத்து எண்களும் கூடவே ஏறி வருகின்றன.

இந்த நான்கு டிகிரியால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்காக ஒரு கணக்கு. கலவை முறையில் செம்பின் தன் வெப்ப ஏற்புத்திறன் காண்கிறோம். கொதிநீரில் சூடேற்றிய செம்புக் குண்டுகளைக் கலோரிமீட்டருக்குள் கொட்டுகிறோம். கலவையின் இறுதி வெப்பநிலை 32 டிகிரி. குண்டுகளின் தொடக்க வெப்பநிலையை அளக்காமல் 100 என்று போட்டால் வித்தியாசம் 68. உண்மையில் அது 64. விடை ஆறு சதவீதம் குறைவாக வரும். கொட்டும் வழியில் குண்டுகள் இழக்கும் வெப்பமும் விடையைக் குறைக்கும் பக்கமே தள்ளும். இரண்டு பிழையும் ஒரே திசை. மாணவன் பார்ப்பது குறைந்துபோன ஒரே ஓர் எண். ஆசிரியர் பழியை வெப்ப இழப்பின் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். முறையான பிழை என்றால் என்ன என்று கற்பிக்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. அதைத்தான் அழித்து எழுதுகிறோம். இன்னொரு வேடிக்கை: கலவை முறை நம் செய்முறைப் பட்டியலிலேயே இல்லை, நீட் பாடத்திட்டத்தில் 'செய்முறைத் திறன்கள்' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. குண்டைத் தொடாமல், தண்ணீரைத் தொடாமல், நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கிக் காட்ட வேண்டிய திறன்.

நம் பட்டியலில் இருக்கும் குளிர்வு விதியின் கதையும் பெருமைப்படும்படி இல்லை. புறத்தேர்வாளராகப் போன எவரும் பார்த்திருப்பார்கள்: 80 டிகிரியிலிருந்து 40 வரை வெப்பநிலை மிகையின் மடக்கை அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடாக இறங்கும். மூடி தொலைந்துபோன கலோரிமீட்டரில் அது வரவே வராது. வாய் திறந்த பாத்திரத்தில் வெப்பத்தின் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு போவது ஆவியாதல். நீரின் தெவிட்டு ஆவியழுத்தம் 80 டிகிரியில் 47 கிலோபாஸ்கல், 40 டிகிரியில் 7.4. அறை வெப்பநிலை 20 என்றால் மிகை 60-லிருந்து 20-க்கு, அதாவது மூன்றில் ஒன்றாகக் குறையும்போது ஆவியழுத்தம் ஆறில் ஒன்றுக்கும் கீழே போய்விடுகிறது. வரைபடம் தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து பிறகு படுக்க வேண்டும். மூடி இருந்தாலும் இயல்பு வெப்பச்சலனத்தில் இழப்பு வீதம் மிகையின் ஏறத்தாழ 1.25 அடுக்கில் போகும். அங்கும் லேசான வளைவு தெரிய வேண்டும். குறையே இல்லாத நேர்கோட்டைக் கண்டால், பின்னாலிருந்து கணக்குப் போட்டு வரவழைத்த ரீடிங் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். அதற்குத்தான் முழு மதிப்பெண் போடுகிறோம். உண்மையான வளைவோடு வரும் பிள்ளையிடம் 'இன்னொரு தடவை செய்' என்கிறோம்.

1701-ல் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரையில் நியூட்டன் காய்ச்சிய இரும்பைச் சீரான காற்று வீசும் இடத்தில் வைத்துக் குளிரவிட்டார். காற்று மாறாமல் வீசினால்தான் இழப்பு மிகைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். சன்னல் கண்ணாடி உடைந்து மலைக்காற்று ஓயாமல் அடிக்கும் கொல்லிமலை லேபில், ஒரு மூடி மட்டும் இருந்தால், சென்னைப் பள்ளிகளைவிட நியூட்டனுக்கு நெருக்கமான வரைபடம் கிடைக்கும். அந்த மூடிக்கு என்ன செலவாகும்? நடுவில் துளையிட்ட ஒரு தெர்மாகோல் வட்டு போதும்.

மலையிலேயே இதைவிடப் பெரிய கலோரிமீட்டர் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். 15 டன் பேருந்து ஆயிரம் மீட்டர் இறங்கினால் விடுபடும் நிலையாற்றல் 14.7 கோடி ஜூல். 500 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோகப் போதும். பிரேக் டிரம்கள் எல்லாம் சேர்ந்து 200 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் முழுவதும் அங்கேயே தங்கினால் 1,600 டிகிரி ஏற வேண்டும். டிரம் உருகி ஓடிவிடும். அப்படி ஆகாததற்கு இரண்டாவது கியரும் காற்றும் காரணம். எஞ்சின் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது, வெப்பச்சலனம் எவ்வளவு கொண்டுபோகிறது என்று கேட்டால் வெப்பப் பரிமாற்றப் பாடம் முழுவதும் வந்துவிடும். வெப்ப விரிவும் கூடவே வருகிறது. 400 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் 200 டிகிரி சூடேறினால் விட்டம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் கூடும். பிரேக் ஷூ உள்ளே இருந்து வெளிநோக்கி அழுத்துவது. டிரம்மோ அதைவிட்டு விலகிப் பெரிதாகிறது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதை ஓட்டுநரின் கால் உணரும். லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறையும். சோளக்காட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பையனுக்கு இந்தப் பேருந்து பழக்கமானது, அதன் தீய்ந்த லைனிங் வாசனையும் பழக்கமானது. அவனிடம் நாம் கேட்கும் வினாவில் இருப்பதோ இன்னும் அந்தப் பெயரில்லாத பித்தளைத் தண்டும் அதன் நீள் விரிவு எண்ணும்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். 2017-ல் தேர்வைக் கொண்டுவந்தபோதும், 2018-ல் அதன் மதிப்பைப் பறித்தபோதும், இப்போது எடுத்தபோதும் லேபில் நிற்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் செய்வது பழகிவிட்டது. செய்முறைக் குறிப்பேட்டில் 'பள்ளியின் உயரம், வளியழுத்தம்' என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன்; 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிக்குப் பிறகு சத்தமே இல்லை. மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பது ஒரு துறையின் கீழ். பாடத்திட்டமும் தேர்வும் இன்னொரு துறையிடம். ஒரு கலோரிமீட்டர் வேண்டுமென்றால் கோப்பு எந்தப் படியேற வேண்டும்? டெல்லியோ, பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாத குற்றத்துக்காக 2024-25-ன் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. இரண்டு அரசுகளின் சண்டையில் உடையப் போவது யாருடைய லேப் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஹைடெக் லேப்களுக்குக் கணினி வந்ததே என்பார்கள். வந்தது, நல்லது. கணினியில் கலோரிமீட்டரின் படம் சுழலும், தண்ணீர் சரியாக 100 டிகிரியில் கொதிக்கும். கொல்லிமலையிலும் 100 டிகிரியில்தான் கொதிக்கும்.

எழுத்துத் தேர்வைப் பள்ளியே நடத்தட்டும். 20 மதிப்பெண் செய்முறைக்கு மட்டும் புறத்தேர்வாளர் தொடர வேண்டும். மதிப்பெண் போட அல்ல, மாணவர் எடுத்த மூல ரீடிங்கைப் பார்த்துக் கையொப்பமிட. அழித்தெழுதாத தாளுக்கு மதிப்பெண், நேர்கோட்டுக்கு அல்ல என்று வழிகாட்டுதலில் ஒரு வரி வேண்டும். கலவை முறையைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. அரசு கேட்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதவில்லை. கேட்காவிட்டாலும் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம்.

ஆகவே மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, கொடைக்கானல், உதகை எங்கிருந்தாலும் உங்கள் லேபில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை மாணவர்களைக் கொண்டு அளந்து, பள்ளியின் உயரத்தோடு இதழுக்கு அனுப்புங்கள். தெர்மாமீட்டரின் பல்பு நீராவியில் இருக்கட்டும். பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டாம். உதகையில் 93-ஐ ஒட்டி வர வேண்டும், ஏற்காட்டில் 95-ஐ ஒட்டி. ஒரு டிகிரி முன்பின் வந்தால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு டிகிரி எங்கே போனது என்று உங்கள் மாணவர்களே தேடட்டும். வந்த அளவீடுகளை அடுத்த இதழில் மாணவர் பெயரோடு வெளியிடுவோம். மலையிலிருந்து 100 என்று எழுதி வரும் தாளை மட்டும் திருப்பி அனுப்பிவிடுவோம்.