கள்ளி சோம்பேறியின் செடி அன்று

கள்ளிச் செடி வளர்க்க உழைப்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நினைவு கூட வேண்டாம் என்று ஒரு பேச்சு நம் மாணவரிடையே உலவுகிறது. நர்சரிக்காரரும் அதையே சொல்லி விற்கிறார். "மறந்து போனாலும் சாகாது" என்பதுதான் அவர் விளம்பரம். அதை நம்பி, விடுதி அறையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில், கைப்பிடி அளவுத் தொட்டியில் ஒரு கள்ளி குடியேறுகிறது. ஆறு மாதம் செல்கிறது. செடி வெளுக்கிறது, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறது. ஒரு நாள் தொட்டுப் பார்த்தால் அடித்தண்டு கூழாகிக் கையோடு வந்துவிடுகிறது. அது பூத்ததும் இல்லை, வளர்த்தவர் அதன் பூவைக் கண்டதும் இல்லை.

இந்தப் பேச்சை நான் முற்றிலும் மறுக்கிறேன். எப்போது கொடுப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று அறிந்தவர்க்கே கள்ளி பூக்கும். அதிலும் புனேயில் படிக்க வந்திருக்கும் நமக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. சென்னையிலும் தஞ்சையிலும் பெற முடியாத வாய்ப்பு அது. இருந்தும் நம்மில் பலர் கள்ளியை மேசைப் பொம்மையாக்கிக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குறுந்தொகையில் கள்ளி வருகிறது. பாலை நிலத்துக்குரிய அந்தக் கள்ளி வேறு, நான் இங்கே பேசும் கள்ளி வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் கீறினால் பால் வடிபவை; ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காக்டஸ் என்று உலகம் சொல்வதோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492க்குப் பிறகு கப்பலேறி வந்த விருந்தாளி. 1,500க்கு மேற்பட்ட அதன் இனங்களுள் ஒன்றே ஒன்று, மரக்கிளைகளில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ், ஆப்பிரிக்கக் காடுகளிலும் இலங்கையிலும் இயல்பாகக் காணப்படுகிறது. நம் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி உட்பட மற்றவை எல்லாம் கடல் கடந்து வந்தவையே.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. காக்டஸில் முட்கள் ஒரு சிறு பஞ்சுத் திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தத் திட்டு இல்லையேல் அது காக்டஸ் இல்லை. பால் வடிகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மம்மிலேரியா சிலவற்றிலும் வெண்பால் உண்டு. நர்சரியில் இரு குலத்தையும் ஒரே பலகையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆமணக்குக் குலத்துப் பால் கண்ணில் பட்டால் துன்பம் பெரிது. தெரிந்து வாங்குவது நல்லது.

சப்பாத்திக்கள்ளி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கள்ளித் தோட்டம் போட்டார். பூவுக்காக அன்று, கள்ளியைத் தின்னும் கொச்சினீல் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுத்து, ஸ்பானியரின் வாணிகத்தை முறியடிக்க வேண்டும் என்பது அக்காலத்துக் கும்பெனியின் கனவு. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது தரமான சாயப் பூச்சி அன்று, அதன் ஏழை உறவினம். சாயம் கைகூடவில்லை, பூச்சியோ கள்ளியைத் தின்று தீர்த்தது. அதனால் பிற்பாடு 1836 முதல் 1838 வரை தென்னாட்டில் மண்டிய கள்ளியை அழிக்க அதையே ஏவினார்கள். வேறோர் இனக் கள்ளி பரவியபோது, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகைப் பூச்சியைக் கொண்டுவந்து திருநெல்வேலிச் சீமை முதலான இடங்களில் விட்டார்கள், அதுவும் வென்றது. ஒரு பூச்சியைக் கொண்டு ஒரு களையை வெல்லலாம் என்று உலகம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று நம் மண்ணில் நடந்தது. உழவனின் நிலத்தைத் தின்ற செடியை வீட்டில் வைப்பானேன் என்று தாத்தா கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் குற்றம் இரண்டு மூன்று இனங்களின் குற்றம். குலம் முழுவதற்கும் அதைச் சுமத்தலாமா?

இன்னொரு தடையில் எனக்கு நியாயம் ஒன்றும் தெரியவில்லை. முள் செடி வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வாஸ்து சொல்கிறது என்பார்கள். புனேயிலும் இதைக் கேட்கிறேன். சொல்பவர்களே, தாங்கள் அறியாமல், வீட்டு மாடியில் ஒரு கள்ளியை வைத்துப் பூசை செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

பிரம்ம கமலத்தைத்தான் சொல்கிறேன். உண்மையான பிரம்ம கமலம் இமயத்தின் உயரத்தில் வளர்வது, சூரியகாந்திக் குடும்பத்தது, உத்தரகாண்டின் மாநில மலர். மராத்திய வீடுகளில் அந்தப் பெயரால் வழங்குவது மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் தந்த எபிபில்லம் என்னும் காக்டஸ். இலை போலத் தட்டையாகத் தெரிவது இலையன்று, தண்டு. அதன் ஓர மடிப்பிலிருந்து மொட்டு வளைந்து தொங்கும். நான் தங்கியிருக்கும் வீட்டு ஆஜி (பாட்டியை இங்கே அப்படித்தான் அழைப்பது) சென்ற ஆவணியில் ஓர் இரவு எட்டு மணிக்கு எல்லாரையும் மாடிக்கு அழைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். மொட்டு, பார்க்கப் பார்க்க, மெல்ல மெல்ல விரிந்தது. பத்து மணிக்குச் சாண் அகல வெண்மலர். மாடி முழுவதும் மணம். குங்குமம் இட்டு ஆரத்தி எடுத்தார்கள். இரவில் வரும் விட்டில்களுக்காகவே விரியும் மலர் அது. விடிவதற்குள் நனைந்த துணி போலத் துவண்டுவிட்டது. ஆஜி அதைப் பற்றி வருந்தவில்லை. மறுநாள் கேட்டவர்க்கெல்லாம் தண்டில் ஒரு துண்டு நறுக்கிக் கொடுத்தார். இந்தச் செடி புனேயில் வீடுவீடாகப் பரவியது பெரிதும் இப்படிக் கைமாறித்தான்.

நானா பேட்டில் நிவ்டுங்யா விட்டோபா கோயில் இருக்கிறது. துக்காராம் மகராஜின் பல்லக்குப் பண்டரிபுரம் செல்லும் வழியில் தங்கும் இடம். நிவ்டுங் என்றால் மராத்தியில் கள்ளி. கள்ளிப் புதரில் கிடைத்த விட்டலர் என்பது பெயருக்குச் சொல்லும் வரலாறு. கடவுளே கள்ளிக்குள் இருந்தார் என்று நம்பும் ஊரில், கள்ளி வீட்டுக்கு ஆகாது என்பது எப்படிப் பொருந்தும்?

இனி என் முதன்மையான கருத்துக்கு வருகிறேன். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். புனே வடக்கே ஏறத்தாழ 18½ பாகையில் உள்ளது. அதே கோட்டில் மேற்கே சென்றுகொண்டே இருந்தால், மெக்சிகோவில் தெவாக்கான் என்னும் ஊர் வரும். தூண் போன்ற நெடுங்கள்ளிகள் காடாக நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கும் மழை கோடையின் நடுவே; ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை. பிறகு நீண்ட வறட்சி, குளிர்ந்த இரவு. புனேயிலும் அதே முறைதான். ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பெரும்பகுதி நான்கு மாதங்களில் கொட்டி முடிந்துவிடும். மார்கழி, தை இரவுகள் 10, 12 டிகிரிக்கு இறங்கும்.

சென்னையில் என்ன நடக்கிறது? அங்கே ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழை. மெக்சிகோக் கள்ளி உறங்க விரும்பும் வேளையில் வானம் குடம்குடமாகக் கொட்டுகிறது. தை மாத இரவும் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கிறது. செடி உறங்குவதும் இல்லை, காய்வதும் இல்லை. பச்சையாக உயிர் வாழ்கிறது. பூக்க மட்டும் மறுக்கிறது. (ஓசூர், கோவை அன்பர்கள் கோபிக்க வேண்டா, உங்கள் ஊரில் ஓரளவு குளிர் உண்டு.) மெக்சிகோவின் மேட்டு நிலத்து இனங்கள் பல, உலர்ந்த குளிர் ஓய்வு இரண்டு மூன்று மாதம் கிடைத்த பிறகே மொட்டு வைக்கும். அந்த ஓய்வைப் புனே செலவின்றித் தருகிறது.

இவ்வளவு இருந்தும் இங்கே ஏன் சாகின்றன? அறைக்குள் வைக்கிறோம், ஓய்வுக் காலத்தில் ஊற்றுகிறோம். கள்ளி மூச்சுவிடும் முறையே தனி. பகலில் துளைகளை மூடிக்கொள்ளும். இரவுக் குளிரில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கித் தண்டில் சேர்த்து வைக்கும். மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு சமைக்கும். ஆகவே பகலில் வெயிலும் இரவில் குளிர்ந்த காற்றும் அதற்கு வேண்டும். கதவடைத்த அறையில் இரண்டும் இல்லை. தெற்கு நோக்கிய பால்கனியில் நாலு மணி நேர வெயில் கிடைத்தால் போதும். நிழலில் வாழ்ந்ததை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் தோல் வெந்து வடுவாகும். பத்துப் பதினைந்து நாளில் சிறுகச் சிறுக நகர்த்த வேண்டும். ஆஜியின் பிரம்ம கமலத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அது மரத்தில் தொற்றி வாழும் காட்டுச் செடி. இளநிழலும் மட்கிய இலையும் ஈரமும் கேட்கும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். புனேயைச் சுற்றி எங்கும் கரிசல். பருத்திக்கு அமுதம், கள்ளிக்கு நஞ்சு. தண்ணீரைப் பிடித்தால் விடாது. தொட்டியில் பாதிக்கு மேல் பொடிச்சல்லியும் பெருமணலும் செங்கல் துண்டும் இருக்கட்டும். சாலைக்குக் கொட்டும் முரும் என்ற உதிர்ந்த பாறையைச் சலித்துச் சேர்த்தும் நான் பயன்படுத்துகிறேன்; நன்றாகவே இருக்கிறது. தொட்டியின் அடியில் துளை கட்டாயம். ஆடி, ஆவணியில் நாட்கணக்கில் தூறும்போது மேலே ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தகடு சாய்த்து வைக்க வேண்டும். வெயில் காலத்தில் ஊற்றுவதானால் அடியில் ஒழுகும்வரை ஊற்றி, முழுவதும் காய்ந்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். தினம் ஒரு கரண்டி தெளிப்பது அன்பு போலத் தோன்றும். அதுதான் வேரை அழுகச் செய்வது. தீபாவளிக்குப் பின் தண்ணீரைக் குறைத்து, கார்த்திகை பிறந்தால் நிறுத்திவிடலாம். செடி சற்றே சுருங்கும், அஞ்ச வேண்டா. மாசியில் மொட்டின் நுனி தெரிந்தபின் முதல் தண்ணீர். நம் விடுமுறைகளுக்கு இதைவிட ஒத்துப்போகும் செடி ஒன்றை நான் அறியேன்.

எந்தச் செடியை வாங்குவது? மம்மிலேரியாவில் தொடங்குக. எலுமிச்சை அளவிலேயே உச்சியைச் சுற்றி மலர்வளையம் சூடிக்கொள்ளும். ஜிம்னோகாலிசியம் பொறுமைசாலி; எக்கினாப்சிஸ் நீண்ட குழல் மலர் தரும். பொற்பந்து போன்ற பீப்பாய்க் கள்ளியைப் பூவுக்காக வாங்குவோர் பேரப்பிள்ளைகளையும் எண்ணி வாங்க வேண்டும். பருத்து முதிர இருபது முப்பது ஆண்டு ஆகும். அந்தச் செடியின் கதை துயரமானது. உலகமெங்கும் தொட்டிகளில் நிறைந்திருக்கிறது. ஆனால் மெக்சிகோவில் அது வாழ்ந்த பள்ளத்தாக்கின் பெரும்பகுதி 1990களில் சிமாப்பான் அணை நீரில் மூழ்கிவிட்டது.

பச்சைத் தண்டின்மேல் சிவப்பும் மஞ்சளுமாய் உருண்டை வைத்து விற்பதைப் பூ என்று எண்ணி ஏமாற வேண்டா. பச்சையம் இல்லாமல் பிறந்த ஜிம்னோகாலிசியத்தை, டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டுக் கட்டியது அது. ஜப்பானியர் 1940களில் தொடங்கிய கலை. தன் உணவைத் தானே சமைக்க முடியாத செடி. சில ஆண்டே வாழும். அதையாவது கைத்திறன் என்று பாராட்டலாம். காய்ந்த வண்ணப் பூவைப் பசை வைத்து உச்சியில் ஒட்டி விற்கிறார்களே, அதை என்னென்பது? வளரும் நுனியையே அடைத்துவிடும் வேலை அது. மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஒட்டிய பூ வாடாது, உதிராது. வாடாத பூ கள்ளிக்கு இல்லை.

ஆசை மிகுந்து அரிய இனங்களை இணையத்தில் தேடி வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். 2015இல் வெளியான உலக ஆய்வொன்று, 1,478 காக்டஸ் இனங்களைக் கணக்கிட்டு, 31 விழுக்காடு அழியும் நிலையை நெருங்குகின்றன என்றது. சேகரிப்போரின் ஆசை அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2020இல் இத்தாலியில் ஒருவர் வீட்டில் சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடிய கள்ளிகள் ஆயிரம் வரை பிடிபட்டன. மறு ஆண்டு பெரும்பகுதியைத் தாய்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஏறக்குறைய எல்லாக் காக்டஸும் பன்னாட்டு வாணிக ஒப்பந்தத்தின் காவலில் உள்ளவை. அடி பழுத்து, உடல் வடுப்பட்டு, வேர் வெட்டுண்டு வரும் முதுசெடியை யார் மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். விதையில் முளைத்ததையும் தாய்ச்செடி ஈன்ற குட்டியையும் வளர்ப்பதே நேர்மை. ஆஜி ஒரு துண்டு நறுக்கித் தந்ததை நாமும் செய்தால் என்ன? மேல் வகுப்பினர் படித்து முடித்து ஊர் திரும்பும்போது செடிகளைக் குப்பையில் இட்டுப் போகாமல், புதிதாய் வருவோர் கையில் கொடுக்கும் வழக்கத்தைச் சங்கம் தொடங்கலாம். ஒரு பலகையும் ஒரு பால்கனியும் போதும். நிதி திரட்ட வேண்டியதில்லை.

என் மம்மிலேரியா இந்த ஆண்டு பதினொரு குட்டிகள் ஈன்றிருக்கிறது. மாசி பிறந்தபின் பிரித்து, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் வைத்து, கேட்பவர்க்குத் தருவேன். வருவோர் அடியில் துளையுள்ள மண்தொட்டி ஒன்றைக் கையோடு கொண்டு வரவேண்டும். கண்ணாடிக் கிண்ணம் கொண்டுவருவோர்க்குக் குட்டி கிடையாது.