சந்தாவும் கணக்கும்

"வேலைநிறுத்தம் வந்தால் உண்டியல் குலுக்கிக் கொள்ளலாம், இப்போது சந்தா எதற்கு?" இப்படிக் கேட்கும் தோழர்கள் ஆலையிலும் உண்டு, வயலிலும் உண்டு.

தோழர்களே! முதலாளி குறிபார்ப்பது சங்கத்தின் மடியைத்தான். 1901ல் இங்கிலாந்தில் டாஃப் வேல் வழக்கில் வந்த தீர்ப்பினால், வேலைநிறுத்தம் செய்த குற்றத்துக்கு ரயில்வே ஊழியர் சங்கம் 23,000 பவுண்டு நஷ்டஈடு கட்ட நேர்ந்தது. நம் நாட்டில்? 1918ல் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். 1920ல் பக்கிங்ஹாம் ஆலையில் கதவடைப்பு. பின்னி கம்பெனி, சங்கத் தலைவர் பி.பி. வாடியா முதலானோர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது.

இந்த அடிகளுக்குப் பிறகுதான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவான சங்கத்துக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. தகராறு நடத்தவும், அதில் நஷ்டப்பட்ட உறுப்பினருக்கு உதவவும், நோய், விபத்து, முதுமை, சாவு ஆகியவற்றில் கைகொடுக்கவும் பொது நிதியைச் செலவிடலாம் என்றது அந்தச் சட்டம். அரசியல் நிதி தனி; அதற்குக் கட்டாயமில்லை. கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் பார்க்கலாம். 2025 நவம்பரில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. சட்டம் மாறலாம், பாடம் மாறவில்லை.

சுவாமிமலைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் ஏது? நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே கையில் காசில்லாத நாட்களே அதிகம். அறுவடை இயந்திரம் வந்து அறுப்புக் கூலியிலும் கை வைத்துவிட்டது. 2001ல் செய்த திருத்தம் குறைந்தபட்சச் சந்தாவை ஊரகத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3, மற்றவருக்கு 12 என்று வைத்தது. அது அடிமட்டக் கணக்கு. அந்த ஒரு ரூபாயைக் கொண்டு பஸ் ஏறிக் கும்பகோணம் போய் அதிகாரியிடம் ஒரு மனுக் கொடுக்க முடியுமா? எனவே, எவ்வளவு என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்யட்டும். குறுவை, தாளடி அறுப்பில் கூலி கைக்கு வரும் நாளிலேயே வசூல் நடக்கட்டும்.

"அவ்வளவு சிரமம் ஏன்? பெரிய மனிதர் ஒருவரிடம் நன்கொடை வாங்கினால் போதாதா?" என்பவரும் உண்டு. போதும், சங்கம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேருவதற்கு! மிராசுதாரோ நெல் வியாபாரியோ இன்று கொடுக்கிற பணம், நாளைக் கூலிப் பேச்சில் நடுவே வந்து உட்காரும்.

கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. ரசீதில்லாமல் ஒரு காசும் வாங்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெருவிலே கூட்டம் போட்டு, எழுத்தறியாத தோழருக்கும் விளங்கும்படி வரவு செலவை வாசிக்க வேண்டும். என் போன்ற முழுநேர ஊழியரின் படியும் பஸ் செலவும் அதில் இருக்க வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்பவர் மீது கோபம் கூடாது. சங்கப் பணத்துக்கு அவரே காவல்.

அடுத்த அறுப்புக்கு முன்னே ஒவ்வொரு கிளையும் ரசீதுப் புத்தகத்தோடு கணக்கு நோட்டையும் தயார் செய்யட்டும்!