சலுகை கிடைக்கிறது, சட்டம் கிடைக்கவில்லை

ஆரணி கொசப்பாளையத்துத் தெருக்களில் காலையில் நடந்தால் எந்த வீட்டில் என்ன தறி என்று காதே சொல்லிவிடும். குழித்தறியில் மிதியை மாற்றும் சத்தம், நாடா ஓடும் சத்தம், பலகை வந்து ஊடையை அடிக்கும் சத்தம் மூன்றும் தனித்தனியாக, நெய்கிறவர் மூச்சு விடும் இடைவெளியோடு வரும். விசைத்தறிக்கு அந்த இடைவெளி கிடையாது. கதவைச் சாத்தினாலும் சுவரைத் தாண்டி வரும். கடத்தல் மணலை இரவோடு இரவாக ஏற்றிவிடலாம். ஓடுகிற விசைத்தறியை ஒளித்துவைக்க முடியாது. அதில் ஏறியிருப்பது சரிகைக் கரை போட்ட பட்டுச் சேலையா, அனுமதிக்கப்பட்ட வேறு துணியா என்று தெரிந்துகொள்ள ஓர் அலுவலர் உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

அப்படிப் போய் நிற்பதற்குச் சட்டம் இருக்கிறது. கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தை நாடாளுமன்றம் 1985-ல் நிறைவேற்றியது. முதலில் 22 ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. விசைத்தறி உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை உத்தரவுகள் வந்தன, எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1993-ல் பர்வேஜ் அக்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நெசவாளர்கள் மூச்சு விடுவதற்குள், 1996-ல் ரகங்களின் எண்ணிக்கை 11 ஆகக் குறைக்கப்பட்டது. குறைத்த பட்டியலிலும் சேலை நிலைத்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது அந்தச் சட்டம் எழுதிய தண்டனை. 1985-ல் அது பெரிய தொகைதான். இன்று ஆரணியில் ஒரு நல்ல பட்டுச் சேலையை அந்தப் பணத்துக்கு வாங்க முடியாது. பல பத்தாண்டுகளாக அந்த எண்ணைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

அதிகாரத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது நாம் நெருக்கடி நிலையை, என்கவுன்டர்களை, இடிக்கப்படும் வீடுகளை நினைக்கிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் மீறல்கள். ஆரணியில் நடப்பது வேறு வகை. இங்கே யாரும் சட்டத்தைக் கிழிக்கவில்லை, ரத்து செய்யவும் இல்லை. புத்தகத்தில் இருக்கும் சட்டம் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அமலாக்கப் பிரிவுக்குப் போதிய ஆளும் வண்டியும் கொடுக்காமல் இருந்தாலே அது படுத்துவிடும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்ற சேதி அலுவலர்களுக்கு முன்பாகவே ஊருக்குள் வந்துவிடுகிறது என்பது நெசவாளர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. இதற்கு எந்த அமைச்சரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. கையெழுத்து இல்லாததால் எதிர்த்து வழக்குப் போடவும் வழியில்லை. சட்டத்தின் ஆட்சியை அழிக்க இதைவிட எளிய முறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நெசவாளரை அரசியல் மறந்துவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. தேர்தலுக்குத் தேர்தல் தேடித்தான் வருகிறது. ஆரணி நெடுங்காலமாகச் சட்டமன்றத் தொகுதி, 2009 முதல் மக்களவைத் தொகுதியும்கூட. 2023-ல் தமிழக அரசு இலவச மின்சாரத்தைக் கைத்தறிக்கு 200 யூனிட்டிலிருந்து 300 ஆகவும், விசைத்தறிக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆகவும் உயர்த்தியது. விசைத்தறிக்காரருக்கும் குடும்பம் உண்டு, அந்தச் சலுகையை நான் குறை சொல்லவில்லை. அந்த 1,000 யூனிட்டில் எந்தத் துணி நெய்யப்படுகிறது என்ற கேள்வி எங்கேயாவது கேட்கப்படுகிறதா என்பதுதான் என் கவலை. சட்டம் தடுத்த சேலைக்கும் அதே மின்சாரம் போகிறது என்றால், அரசின் ஒரு கை எழுதியதை இன்னொரு கை அழிக்கிறது.

உரிமையை விட்டுவிட்டுச் சலுகையைக் கொடுப்பது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. விஜயநகர காலத்தில் காஞ்சிபுரத்திலும் வேலூருக்கு அருகே உள்ள விரிஞ்சிபுரத்திலும் நெசவாளர்களான கைக்கோளர்களுக்குப் பல்லக்கும் சங்கும் வைத்துக்கொள்ளும் பெருமை தரப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரசர் கொடுத்ததை அரசர் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் முகம் பார்த்துத்தான் வாங்கியவர் வாழ முடியும். 1985 சட்டம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதற்காக எந்தத் தலைவருக்கும் நன்றி சொல்லி பேனர் கட்ட வேண்டியதில்லை. ஆட்சியில் யார் இருந்தாலும் அது நெசவாளருக்குச் சொந்தம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பல்லக்குக் கொடுப்பது பிடிக்கிறது, ஏனென்றால் கொடுத்த கை தெரியும். உரிமையை நடைமுறைப்படுத்தினால் கை தெரியாது. கூடவே பகையும் வரும். விசைத்தறி வைத்திருப்பவரும் அதே வார்டின் வாக்காளர், பல இடங்களில் கட்சிக்கு நன்கொடை தருகிறவரும் அவரே.

டெல்லியிலும் இதே கதைதான். 2015-ல் பிரதமர் சென்னைக்கு வந்து ஆகஸ்ட் 7-ஐத் தேசியக் கைத்தறி நாளாகத் தொடங்கிவைத்தார். 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. விழா மட்டும் ஆண்டுதோறும் நடக்கிறது.

விசைத்தறிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்களில் பலர் நேற்றுவரை கைத்தறியில் இருந்தவர்கள். கைத்தறியில் பல நாள் உட்கார்ந்து ஒரு சேலையை அறுத்துக் கொடுத்தால் வரும் கூலி குடும்பத்துக்குப் போதாமல், கடன் வாங்கி இயந்திரத் தறி போட்டவர்கள். மகன் குழிக்குள் கால் விட்டு உட்கார மாட்டேன் என்கிறான். அவனைக் குற்றம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? ஒதுக்கீடே இனி வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அது நாடாளுமன்றம். அங்கே மசோதா கொண்டுவரட்டும். ஆரணியின் உறுப்பினரும் காஞ்சிபுரத்தின் உறுப்பினரும் எழுந்து ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லட்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்று நெசவாளர் தெரிந்துகொள்வார். வெளியே சொல்லாமல் சட்டத்தைப் பட்டினி போடும்போது அந்தத் தெரிந்துகொள்ளும் உரிமையும் சேர்ந்து போகிறது. சட்டத்தை நம்பிக் கைத்தறியில் தங்கியவர் நஷ்டப்படுகிறார், மீறியவர் முன்னேறுகிறார். இதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் சட்டத்தைப் பற்றி என்ன கற்றுக்கொள்ளும்?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மாவட்டவாரியாக எத்தனை தறிகள் ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை வழக்கு பதிவானது, எத்தனை தீர்ப்பானது என்பதை மாதாமாதம் வெளியிடலாம். அபராதத்தைத் துணியின் விலையோடு இணைக்கலாம். இலவச மின்சாரம் பெறும் விசைத்தறியிடம் ஒதுக்கீட்டு ரகம் நெய்வதில்லை என்று எழுதி வாங்கலாம். ஒதுக்காத ரகங்களுக்கு மாற விரும்புகிறவருக்குக் கடனும் சந்தையும் ஏற்பாடு செய்யலாம்.

இப்போதைக்கு நடப்பது இதுதான். திங்கட்கிழமை காலையில் ஆரணியிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினால், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போகும் நெசவாளர் யாராவது இருப்பார். அன்றைய கூலி போனது. மனுவில் அவர் புதிதாக எதையும் கேட்டிருக்க மாட்டார். இருக்கும் சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருப்பார்.