ஹெட்டை மாற்றினால் போதுமா?

சென்ற இதழில், மாடல் விமானங்களில் மெத்தனாலில் ஓடும் பெரிய குளோ என்ஜின்களை டீசலுக்கு மாற்றச் சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் வாதம் தவறு. அதிலுள்ள செய்முறை ஆபத்து. வாதம் மட்டும் தவறாக இருந்திருந்தால் ஒரு வரிக் கடிதத்தோடு விட்டிருப்பேன். ஆனால் அதைப் படித்துவிட்டு 20 சிசி என்ஜினைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரலுக்கும் கண்ணுக்கும் யார் பொறுப்பு?

கட்டுரை முழுதும் ஒரே ஒரு கணக்கை நம்பி நிற்கிறது. ஒரு கிலோ மெத்தனால் எரிந்தால் சுமார் 20 மெகாஜூல் வெப்பம். மாடல் டீசலில் ஈதரோடு கலக்கும் மண்ணெண்ணெய் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 43. எனவே டீசலுக்கு மாற்றினால் பவர் இரு மடங்கு என்கிறார் கட்டுரையாளர். இரண்டு எண்களும் சரி. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு படுதப்பு. சிலிண்டருக்குள் எவ்வளவு எரிபொருள் எரிய முடியும் என்பது உள்ளே நுழையும் காற்றைப் பொறுத்தது. ஒரு கிலோ மெத்தனால் முழுதாக எரியச் சுமார் 6.4 கிலோ காற்று போதும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 15 கிலோ, ஈதருக்குச் சுமார் 11 கிலோ காற்று வேண்டும். வகுத்துப் பார்க்கட்டும். ஒரு கிலோ காற்றுக்கு மெத்தனாலில் கிடைப்பது சுமார் 3.1 மெகாஜூல், ஈதரில் 3, மண்ணெண்ணெயில் 2.9. அதே சிலிண்டர், அதே காற்று, ஏறக்குறைய அதே வெப்பம். இரு மடங்கு என்பதற்கு இங்கே இடமே இல்லை.

உண்மையில் குளோ பக்கம்தான் தட்டு தாழ்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது கிலோவுக்குச் சுமார் 1,100 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் ஒரே சிலிண்டருக்குள் அதிகம் அடங்கும். ஈதர் உறிஞ்சுவது இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் குளோ எரிபொருளில் நைட்ரோமீத்தேன் கலக்கிறோம். அதன் ஒரு கிலோவுக்கு 1.7 கிலோ காற்று போதும் என்பதால், ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் மெத்தனாலைப்போல் இரு மடங்குக்கும் மேல். கட்டுரையாளர் தேடும் இரு மடங்கு இருக்கும் இடம் அதுதான். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை.

டீசலுக்கு மாற்றிய என்ஜின் விமானத்தை நன்றாக இழுப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இழுவை புரொப்பல்லரிலிருந்து வருகிறது. குளோ என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பவர் தரும். டீசல், குறைந்த சுற்றிலும் பாரத்தைச் சளைக்காமல் தாங்கும். அதனால் 16 இன்ச் புரொப்பல்லர் இருந்த இடத்தில் 20 இன்ச் மாட்டலாம். அதே பவரை அகலமான வட்டத்தில் செலவழித்தால், கோட்பாட்டுக் கணக்கின்படி, நின்ற இடத்தில் இழுவை சுமார் 16 சதவீதம் கூடும். அதற்கு விலையாகச் சுற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், காற்றில் அதிகபட்ச வேகமும் இறங்கும். மெதுவாகப் பறக்கும் பெரிய ஸ்கேல் விமானத்துக்கு இது அருமையான பேரம். எரிபொருள் செலவு பாதியாவதும், பிளக்குக்கு பேட்டரி தேவைப்படாததும் நிஜமான லாபங்கள். இவற்றைச் சொல்லியிருந்தாலே கட்டுரை நிற்கும். பொய்க் கணக்குக்குத் தேவையே இல்லை.

இனி செய்முறை. 2.5 சிசி டீசல்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனவே, அப்படியே 20 சிசியும் உழைக்கும் என்கிறார். 1941இல் சுவிட்சர்லாந்தில் வந்த டைனோவும், போருக்குப் பின் பிரிட்டனில் வந்த மில்ஸும், மேக்கிள்ஸ்ஃபீல்டின் பிஏடபிள்யூவும், கொல்கத்தாவில் அரோரா செய்த மில்ஸ் நகல்களும் பிறக்கும்போதே டீசல்கள். அவற்றின் கனெக்டிங் ராடும் கிராங்க் பின்னும் டீசலின் அழுத்தத்துக்காகவே அளந்து செய்யப்பட்டவை. குளோ என்ஜின் அப்படிப் பிறக்கவில்லை. ஹெட்டை மாற்றினால் எரிப்பு மாறும், ராடின் தடிமன் மாறாது. அமெரிக்காவில் பாப் டேவிஸ் செய்த டீசல் ஹெட்கள் மாற்றம் சாத்தியம் என்பதைக் காட்டியவைதான். எந்த என்ஜினுக்கும் பொருந்தும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கையிலிருக்கும் என்ஜினைப் பிரித்து ராடையும் பின்னையும் அளந்து பாருங்கள் என்று கட்டுரையில் ஓர் இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும்.

சின்ன என்ஜினுக்கு வைக்கும் கம்ப்ரஷனையே பெரியதற்கும் வைக்கச் சொல்வது அடுத்த தவறு. சிலிண்டர் பெரிதாக ஆக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு குறைகிறது. சுவர் வழியாக வெப்பம் வெளியேறுவதும் குறைகிறது. ஆகவே பெரிய சிலிண்டர் குறைந்த கம்ப்ரஷனிலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். சின்னதின் அளவைக் கொண்டுவந்து வைத்தால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும். சத்தம் கடினமாகும், சுற்று குறையும், புகைக்குழாயில் வழியும் எண்ணெய் கறுக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ராடின் மேல் விழும் அடி.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபமூட்டியது ஸ்டார்ட்டர் பற்றிய வாக்கியம்தான். என்ஜின் கிளம்பாவிட்டால் கம்ப்ரஷன் ஸ்குரூவை இன்னும் இறுக்கி, எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடிக்கச் சொல்கிறார். 20 சிசி என்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 9 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் இரண்டரை சிசி. அதை 17 ஆக்கினால் மிஞ்சுவது ஒன்றேகால் சிசி, அதாவது கால் டீஸ்பூன். சோக் செய்து நாலு தடவை புரொப்பல்லரைச் சுண்டினால் அவ்வளவு எரிபொருள் தாராளமாக உள்ளே தேங்கிவிடும். திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் முட்டி நிற்கும், ஸ்டார்ட்டர் விடாமல் திருகும், நடுவில் ராடு வளையும். வளைந்த ராடு நீளம் குறைந்தது. பிஸ்டன் முன்பிருந்த உயரத்துக்கு ஏறாது, கம்ப்ரஷன் இறங்கும், என்ஜின் கிளம்பாது. கட்டுரையை நம்பிய பையன் இப்போது என்ன செய்வான்? இன்னும் இறுக்குவான். கடைசியில் எப்படியோ கிளம்பும். அந்த வளைந்த ராடோடு, முழுச் சுற்றில், மனிதர்கள் தலைக்கு மேல் பறக்கும்.

டீசல் என்பதால் தீப்பயம் இல்லை என்ற வரியையும் விட்டுவைக்க முடியாது. பங்க்கில் பிடிக்கும் டீசலை ஊற்றினால் இந்த என்ஜின் கிளம்பாது. இதில் ஊற்றுவது ஏறக்குறைய சம அளவு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், கூடவே துளி நைட்ரேட். ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். நம் ஊரில் பல மதியங்கள் அதைவிடச் சூடானவை. மைனஸ் 45 டிகிரியிலேயே அதன் ஆவி தீப்பொறிக்குப் பற்றும். மெத்தனாலுக்கு அந்த அளவு பிளஸ் 11. ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து போய், எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டுத் திரும்பும். மெத்தனாலின் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது, அது விஷமும்கூட. அந்த ஆபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈதர் டப்பாவை மூடிய காரின் பின்பக்கத்தில் வெயிலில் விட்டுவிட ஒருவனுக்குத் தைரியம் கொடுப்பது எழுதுகிறவர் செய்யக்கூடிய காரியமா?

சிலிக்கோன் டியூப் டீசல் கலவையில் ஊதிப்போகும் என்பதோ, மெத்தனாலுக்காகத் துளையிட்ட கார்புரேட்டரில் நீடிலை ஏறக்குறைய மூடியே ஓட்ட வேண்டியிருக்கும் என்பதோ கட்டுரையில் இல்லை. அவை சின்ன விஷயங்கள். மெத்தனால் விலைதான் குறை என்றால், இன்று 20 சிசியிலேயே ஸ்பார்க் பிளக் வைத்த பெட்ரோல் என்ஜின் கிடைக்கிறது. 10 சிசிக்கு உள்ளே, ராடு தடித்த என்ஜினாகப் பார்த்து டீசலுக்கு மாற்றுகிறவர்களை நானே ஊக்குவிப்பேன்.

கட்டுரையாளர் அடுத்த இதழில் மற்ற எதற்கும் பதில் சொல்லாவிட்டாலும், ஸ்டார்ட்டர் பற்றிய அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற வேண்டும். அந்த இடத்தில் இதைப் போடட்டும்: என்ஜின் கிளம்பாவிட்டால் கம்ப்ரஷன் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். புகைவாய் கீழே பார்க்கும்படி விமானத்தைச் சாய்த்து, தேங்கியதை வடியவிடுங்கள். கனமான கையுறை போட்டுக்கொண்டு புரொப்பல்லரைக் கையால் மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கும் முட்டாமல் சுற்றி வந்தால் மட்டுமே ஸ்டார்ட்டரை எடுங்கள்.