பத்தே பத்து குமிழ்!

சினிமாவில் ஹீரோ லைட்டரைக் கொளுத்தி சீலிங் பக்கம் நீட்டுவார். அடுத்த நொடி பில்டிங் முழுக்க 'ஜோ'வென்று மழை. வில்லன் கோஷ்டி தொப்பலாக நனையும். ஹீரோயின் இருந்தால் ஒரு டூயட்டுக்கும் சான்ஸ். சுத்த ரீல் சார்!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே லிக்விட், 'லிக்விட் அசெட்'தான். ஆனாலும் இந்த ஸ்ப்ரிங்ளர் சமாச்சாரம் நமக்கே புரிகிற அளவுக்கு எளிமை. உங்கள் ஏ.சி. ஆபீசில் அண்ணாந்து பாருங்கள். சீலிங்கிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு பித்தளை மூக்கு. அதில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்பாகத் திரவம். குழாய்த் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அந்தக் குமிழ்தான். சுற்றிலும் சூடேறி 68 டிகிரி செல்சியஸைத் தொட்டால் திரவம் விரியும். கண்ணாடி 'டப்'! தண்ணீர் கொட்டும். (சூடான இடங்களுக்கு மஞ்சள் குமிழ், 79 டிகிரி. பச்சைக்கு 93.) வெறும் புகைக்கெல்லாம் அசையாது. முக்கியமாக, எது சுடுகிறதோ அது மட்டும்தான் திறக்கும். பக்கத்துக் குமிழ், "அது என் சீட் இல்லை சார்" என்று சும்மா இருக்கும்.

ஒன்றிரண்டு குமிழ் உடைந்து என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம். ஒன் மெரிடியன் பிளாசா என்று 38 மாடிக் கட்டடம். 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. 22-வது மாடியில் மர வேலை செய்தவர்கள், ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டுப் போக, அவை தானாகவே சூடேறிப் பற்றிக்கொண்டன. கரண்ட் போச்சு. எமர்ஜென்ஸி கரண்டும் போச்சு. மாடிக் குழாய் வால்வுகளைத் தப்பாக செட் செய்திருந்ததால் ஹோஸில் தண்ணீருக்கு வேகமே இல்லை. தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். பதினொரு மணி நேரம் போராடியபின், கட்டடம் சரிந்துவிடும் என்று பயந்து எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார்கள்.

நெருப்பு எட்டு மாடிகளைத் தின்றுவிட்டு 30-வது மாடிக்கு ஏறியது. கீழே எரிந்த மாடிகளில் ஸ்ப்ரிங்ளர் கிடையாது. இங்கே இருந்தது. பத்துக் குமிழ்கள் உடைந்தன. அதோடு நின்றது தீ!

நம்ம ஆட்கள் என்னடாவென்றால், அதை ஆயுத பூஜைக்குத் தோரணம் கட்டும் கொக்கி என்று நினைக்கிறார்கள். பெயிண்டர் அதற்கும் சேர்த்து ஒரு கோட்டிங் அடித்துவிட்டுப் போகிறார். பெயிண்ட் பட்டால் அதைச் சுரண்டிப் பிரயோஜனமில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய வவுச்சர் மூட்டைகளையும் ஒன்றரை அடி கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சீலிங்வரை அடுக்கினால் தண்ணீர் பரவ வழியில்லை.