தேக்காவில் ஒரு மதிய உணவு



பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வியோடு பலர் என்னிடம் வருகிறீர்கள். "பக்கத்து வீட்டார் பலகாரம் கொண்டுவருகிறார்கள், வாங்கலாமா, வாங்கக்கூடாதா?" சொந்த ஊரிலே உறவினர் நடுவே வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய கேள்வியாக இருந்திராது. மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் ஒரே சுவருக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக வாழ்கிற நமக்கோ இது அனுதினப் போராட்டம். நான் தனிமையாய்ச் செலவழித்த ஒரு நாளைக் குறித்து இம்மாதம் சொல்கிறேன். பதில் அதற்குள் இருக்கிறது.

சில காலத்திற்கு முன் ஊழியத்தின் நிமித்தமாகச் சிங்கப்பூர் சென்றிருந்தேன். ஞாயிறு ஆராதனையோடு கூட்டங்கள் நிறைவுற்றன. திரும்பும் விமானமோ திங்கட்கிழமை இரவில்தான். அழைத்திருந்த சகோதரர்கள் யாவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே பகல் முழுவதும் நான் தனியே. ஊழியக்காரன் வெளியூரிலே தனித்திருப்பது அபூர்வம். என்ன புசிக்கிறான், எங்கே நிற்கிறான் என்று பார்க்க எப்போதும் யாராவது உடனிருப்பார்கள். அன்று ஒருவரும் இல்லை. சட்டைப்பையில் என் மனைவி எழுதிக் கொடுத்த பட்டியல் மட்டும் இருந்தது. அதில் முதல் வரி, சபையின் மூப்பர்களுக்காகப் பன்னிரண்டு புட்டி கோடாலித் தைலம்!

பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிற பட்டணம் அது. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. விரைவு ரயிலில் லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்கா நிலையத்திற்குள் நுழைந்தேன். ஒருபுறம் ஈரச்சந்தை, மீனும் ஆட்டிறைச்சியும், வாழை இலையும் முருங்கைக்காயும் குவிந்திருந்தன. மறுபுறம் உணவங்காடி. மாடியிலே துணிக்கடைகள். நம்மவர்கள் அங்கே டாலரை 'வெள்ளி' என்கிறார்கள். தோசையும் தே தாரிக்கும் வாங்கிப் புசித்துவிட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்தேன். பக்கத்திலிருந்த மூதாட்டி ஒருவர் தட்டுகள் வைக்குமிடத்தைக் கைகாட்டினார். 2021 முதல் அங்கே தட்டைத் திருப்பி வைக்காமற்போவது குற்றம் என்று பின்னர் அறிந்தேன். அந்த இடத்திலும் இஸ்லாமியருக்காக ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு. ஒருவர் மனச்சாட்சிக்காக மற்றவர்கள் யாவரும் ஒழுங்குபடுகிறார்களே என்று வியந்தேன்.

மத்தியானம் சைனாடவுனுக்கு அருகேயுள்ள மேக்ஸ்வெல் உணவங்காடிக்குச் சென்றேன். இத்தகைய உணவங்காடிகளின் பண்பாட்டை 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பட்டியலிலே சேர்த்தது. மேஜையின்மேல் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தமாம். கோழிச்சோறு விற்கிற ஒரு கடையின் வரிசையிலே நின்றேன். என் முறை வருவதற்குச் சற்று முன், கடையின் உட்சுவரில் சிவப்பு விளக்கெரியும் சிறு பூஜை மாடமும் அதன்முன் ஆரஞ்சுப் பழங்களும் இருப்பதைக் கண்டேன். வரிசையை விட்டு விலகினேன். வேறு கடைக்குப் போனேன், அங்கும் அப்படியே. இருமுறை அங்காடியைச் சுற்றி வந்து, ஒரு வாழைப்பழத்தோடு வெளியேறினேன். பரிசுத்தத்தைக் காத்துக்கொண்டேன் என்ற திருப்தியோடு வெயிலில் நடந்தேன். பசித்த வயிறு மாத்திரம் திருப்தியடையவில்லை.

அப்போதுதான் கொரிந்துப் பட்டணம் நினைவுக்கு வந்தது. வேதாகமக் கல்லூரியிலே நான் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய பாடம் அது! இரண்டு துறைமுகங்களின் நடுவே செழித்த வியாபாரப் பட்டணம். சகல ஜாதியாரும் வந்து தங்குகிற இடம். கோயில்களிலே பலியிடப்பட்ட மிருகங்களின் இறைச்சியும் சந்தைக்கு வந்துவிடும். பவுல் அப்போஸ்தலன் அங்கே கூடாரத் தொழில் செய்து ஒன்றரை ஆண்டு வாழ்ந்தவர். சந்தைக்குப் போகாமலா வாழ்ந்திருப்பார்? ஆகவேதான் 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் மூன்று காரியங்களைத் தனித்தனியே பிரிக்கிறார். விக்கிரக ஆராதனையின் பந்தியிலே பங்குபெறுவது கூடவே கூடாது. சந்தையில் விற்கிறதை வாங்கிப் புசிக்கையில் துருவித் துருவி விசாரிக்க வேண்டியதில்லை. அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், போக மனமிருந்தால், வைத்ததைப் புசிக்கலாம். 'இது படைக்கப்பட்டது' என்று ஒருவர் அறிவித்தாலோ, அறிவித்தவர் நிமித்தம் விலகவேண்டும். நானோ மூன்றையும் ஒன்றாக்கிப் பிரசங்கித்து வந்திருக்கிறேன்.

அதின் பலனை ஒரு சகோதரி அனுபவித்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், தாராவியில் ஒரு சாலில் குடியிருந்த அந்தச் சகோதரிக்குப் பக்கத்து வீட்டு மராட்டியத் தாயார் ஹோலியன்று பூரண்போளி கொண்டுவந்தார். வாங்கலாமா என்று அவர் என்னிடம் ஓடிவந்து கேட்டார். அது படைக்கப்பட்டதா என்றுகூட நான் கேட்கவில்லை. "திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றேன். திருப்பிக் கொடுத்தார். அந்தக் கதவு அன்று மூடியது. பின்பு அந்தத் தாயாரின் கணவர் மரித்தபோது, நம் சகோதரி வாசலில் நின்று அழுதாரே தவிர, உள்ளே போய்க் கையைப் பிடிக்க முடியவில்லை. வைராக்கியமான விசுவாசி என்று நான் அவரைச் சாட்சி சொல்லவைத்தேன். அன்று அது எனக்கு உறுத்தவில்லை. அந்நிய தேசத்து வெயிலிலே ஆவியானவர் உறுத்தினார்.

மீண்டும் தேக்காவுக்கே வந்து, ஒரு மேஜையில் சோர்ந்து உட்கார்ந்தேன். எதிரே விரலில் கட்டுப்போட்ட ஒரு வாலிபன். அறந்தாங்கிப் பக்கத்தவர், கட்டடவேலை செய்கிறவர், காயத்தினிமித்தம் இரண்டு நாள் மருத்துவ விடுப்பு. என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை தம்பி" என்றேன். நான் தடுப்பதற்குள் எழுந்துபோய், கட்டுப்போட்ட கையோடு இரண்டு தட்டு சாப்பாடு வாங்கி வந்தார். வாங்கிய கடையை நான் பார்த்தேன். கல்லாவுக்கு மேலே மாலையிட்ட முருகன் படம்.

சீகார் ஊரின் கிணற்றடியில் மத்தியான வேளையில் இளைப்படைந்து உட்கார்ந்திருந்த ஆண்டவரை எண்ணினேன். சீஷர்கள் போஜனம் வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள், அவர் தனித்திருந்தார். யூதர் கலவாத சமாரியப் பெண்ணின் குடத்துத் தண்ணீரை அவரே கேட்டார். நானோ கேளாமலே பெற்றேன். தலைகுனிந்து சத்தமாய் ஸ்தோத்திரம் செலுத்திப் புசித்தேன். அந்தத் தம்பியும் நான் ஆமென் சொல்லும்வரை சோற்றில் கைவைக்காமல் காத்திருந்தார்.

புசித்து முடித்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகளுக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோக முடியுமா? அன்பினாலே நெகிழ்ந்திருந்தாலும், முன்பின் அறியாதவர் கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தை விமானத்தில் சுமப்பது புத்தியீனம். நீங்களும் இதில் கவனமாயிருங்கள். ஆகவே, "என்னோடு வாருங்கள், இருவரும் சேர்ந்தே வாங்குவோம்" என்றேன். சையது ஆல்வி சாலையிலுள்ள முஸ்தபா அங்காடியில் வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றும், சாக்லேட்டும், கைக்கடிகாரமும் அவர் தெரிந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, என் கையாலேயே என் பைக்குள் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோடாலித் தைலத்தையும் அங்கேயே வாங்கினேன். நூறு வெள்ளிக்கு வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்றார் அவர். என் கணக்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை!

மும்பை வந்து மறுநாளே ஸ்பீடு போஸ்ட்டில் அறந்தாங்கிக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அந்தச் சிறுபிள்ளை தொலைபேசியில், "வாட்ச் கொஞ்சம் பெரிசா இருக்கு தாத்தா" என்றது.

அதற்குப் பின்பே அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்றேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் கொடுத்த ஆலோசனை தவறு என்று சொன்னேன். அந்தத் தாயாரைச் சந்தித்து என் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றும், நானும் உடன்வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "அவர்கள் வீட்டைக் காலிசெய்துபோய் ஆறு வருஷம் ஆகிறது, பாஸ்டர்" என்றார்.